உப்புப் பூச்சிக்கு ஆட்டுக்கால் சூப்

மாமி மரப்படியில் ஏறி வருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கிண்ணத்து மூடி கடகடவென்று ஆடும். அப்புறம் மிளகு வாசனை வரும். அதற்கும் பிறகுதான் மாமி வருவார்.

அன்றைக்கு ஆட்டுக்கால் சூப். மேலே மஞ்சளாக ஏடு மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் போர்டு கூடத் தெரியாத பனி. அந்த அறையில் சூடாக இருந்தது அந்தக் கிண்ணம் ஒன்றுதான்.

"குடி கண்ணு. ஆறிப்போனா பிசுபிசுங்கும்."

"இப்பத்தானுங்க மாமி முட்டை தின்னேன்."

"அது உனக்கு. இது அதுக்கு."

'அது' என்று சொல்லும்போது மாமி என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் வயிற்றுப் பக்கம் சேலை மடிப்பைப் பார்ப்பார். நான் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு சூப்பைக் குடித்தேன். உள்ளே யாராவது இருந்தால் குடிக்கட்டும், இல்லாவிட்டால் நானாவது குடித்ததாக இருக்கட்டும் என்று.

போன வாரத் தொடரைக் கல்யாணக் கதையோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணம் நடந்து இரண்டு வருஷம் முழுசாக ஆவதற்குள் என் வீட்டுக்காரர் ரபீக் போய்விட்டார். அடிவாரத்திலிருந்து பைக்கில் மேலே வரும்போது ஒரு வளைவில் லாரி. அவ்வளவுதான். அதை விவரமாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் வளைவில் இந்தப் பக்கம் வந்தார், லாரி அந்தப் பக்கம் வந்தது.

ஏற்காடு பஜாரில் ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் கடை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன் விற்கிற கடை. கடைக்கு மேலே ஊடு. அந்த ஊட்டு மாடி அறையில்தான் நான் இத்தா இருந்தேன்.

எங்களில் புருஷன் மவுத்தானால் பெண்சாதி நாலு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே வெளியில் போகாமல், நகை போடாமல், வேற்று ஆம்பிளை முகத்தில் முழிக்காமல் ஊட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அதற்குப் பல காரணம் சொல்வார்கள். அதில் ஒன்று, வயிற்றில் புள்ளை இருக்கிறதா இல்லையா என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும் என்பது.

என் விஷயத்தில் ஊர் மொத்தமும் அந்த ஒரு காரணத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. புள்ளை இருந்தால் நான் மாமி ஊட்டிலேயே இருப்பேன். இல்லாவிட்டால் இத்தா முடிகிற அன்றைக்கு அண்ணன் சேலத்திலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். மாமா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மாமிக்கு ரபீக் ஒரே மகன். அப்புறம் அந்த ஊட்டில் மாமியும் மீன் தொட்டிகளும்தான்.

எனக்கு அந்தப் புள்ளை வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் மூக்கு, அவர் கோணல் பல்லு, எதுவானாலும் சரி, ஏதாவது ஒன்று மிச்சம் வேண்டும்.

கடலுக்கு டிக்கெட்

அந்த அறையில் என்னோடு இன்னொரு கூட்டமும் இத்தா இருந்தது. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அதில் உப்புத் தண்ணீர். உள்ளே காற்றுக் குழாய் புஸ்புஸ்ஸென்று குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நகரும். கடலில் மிதந்து திரிகிற உயிர். கண்ணுக்குப் பட்டும் படாத சைஸ். படித்தவர்கள் கோப்பிபாட் என்கிறார்கள். பூச்சியே இல்லையாம், இறால் வகையறாவாம். எங்கள் ஊட்டில் அதற்கு உப்புப் பூச்சி என்று பெயர்.

மலை மேலே கடல் எதற்கு என்று கேட்பீர்கள். அதை முதலில் கேட்டது பஸ் கண்டக்டர்.

எங்கள் கடையில் ஓடுகிற சரக்கு தங்க மீன்தான். ஹாஸ்டல் பிள்ளைகள் வாங்கிப் போய் ஜாம் பாட்டிலில் விட்டு, பாசத்தில் பிஸ்கட்டாகத் தூவி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொன்றுவிட்டு, கண்ணீரோடு வந்து இன்னொன்று வாங்கிப் போகும். செத்த மீன்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

அப்போது ஒரு லாட்ஜ்காரர் வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி வைத்தார். ஆரஞ்சுக் கலரில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. அந்த ஜோடி ஒரு நாள் தொட்டிக்குள் கிடந்த சட்டி மேல் முட்டை போட்டுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அன்றையிலிருந்து தூக்கம் போச்சு. குஞ்சு பொரித்தது, பொரித்த வேகத்தில் செத்தது. அதுகளின் வாய் அவ்வளவு சின்னது. கடையில் விற்கிற எந்தத் தீனியும் உள்ளே போகாது. உப்புப் பூச்சியின் குஞ்சு மட்டும்தான் போகும்.

அதனால் தூத்துக்குடிக்குப் போய், கடல் படிப்புப் படிக்கிற ஸ்டெல்லா என்ற பெண்ணிடம் கெஞ்சி, ஒரு பெரிய கேன் நிறைய உப்புப் பூச்சியோடு கடல் தண்ணீரைக் கொண்டுவந்தார். சேலம் வரைக்கும் ஒன்றுமில்லை. ஏற்காடு பஸ்ஸில்தான் தகராறு. கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, கேன்ல என்ன, மண்ணெண்ணெயா?"

"இல்லீங்க, கடலு."

"எந்தக் கடலு?"

"தூத்துக்குடிக் கடலுங்க."

"அப்ப அதுக்கும் டிக்கெட் எடுங்க."

எடுத்தார். எடுத்தும் என்ன, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கேன் சாய்ந்து, கால்வாசிக் கடல் சீட்டுக்கடியில் ஓடியது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார்களாம். மஞ்சக்குட்டையிலிருந்து சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஒரு அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி, கடலைப் பாக்காமயே போயிருவேனோன்னு இருந்தேன்" என்று சொன்னதாம்.

இதை அவர் சொல்லும்போது அந்த அம்மா மாதிரியே காலை நீட்டிக் காட்டுவார். அப்புறம் பாக்கெட் உப்பு வாங்கி ஊட்டிலேயே கடல் கலக்கக் கற்றுக்கொண்டார். கண்டக்டரிடம் பேச வேண்டியதில்லை.

பச்சைப் பாட்டில்

பூச்சிக்குச் சோறு பச்சைத் தண்ணீர். அதுவும் உயிர்தான், கண்ணுக்குத் தெரியாத பாசி. ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் பாட்டில் வைத்து வெயிலில் வளர்ப்போம். நல்ல வெயில் அடித்தால் பாட்டில் புல்லுக் கலராகும். அதிலிருந்து தினம் கொஞ்சம் டிரம்மில் ஊற்ற வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டுக்கேட்டு அவர் எனக்கும் சொல்லுவார். குளிர் நாட்டுக் கடலில் ஒரு வகைப் பூச்சி இருக்கிறதாம். சோறு கிடைக்கிற கொஞ்ச மாசத்தில் தின்று தின்று உடம்பில் எண்ணெயாகச் சேர்த்துக்கொள்ளுமாம். அப்புறம் கடலுக்கடியில் போய் மாசக்கணக்கில் தூங்குமாம். எழுந்து, ஒரு வாய் தின்னாமல், அந்தக் கொழுப்பை வைத்தே முட்டை போடுமாம். நம்ம வெயில் கடல் பூச்சிக்கு அந்தச் சேமிப்புக் கிடையாது. இன்றைக்குத் தின்றால் நாளைக்கு முட்டை.

"அது எஸ்டேட்கார ஜாதி. நம்முளுது ஜீப் டிரைவர் ஜாதி. வண்டி ஓடுனாத்தான் அடுப்பு எரியும்" என்பார்.

எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குப் புரிகிற மாதிரி உலகத்தைச் சொன்ன ஒரே ஆள் அவர். அதுவும் பெரும்பாலும் பூச்சியைப் பற்றித்தான்.

எந்த வாந்தி

மவுத்தான ஊட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்து சோறு வரும். எங்களுக்கு வந்த சோற்றில் ஒரு கல்யாணத்தை நடத்தியிருக்கலாம். நெய்ச்சோறு, கறி, தாளிச்சா, பக்கத்து எஸ்டேட் ரைட்டர் ஊட்டிலிருந்து தயிர்சாதம். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. வாயில் வைத்தால் மண். தண்ணீர், டீ, மறுபடி தண்ணீர். முதல் மாசம் முழுக்க அப்படியேதான் போனது. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை.

பிறகு வாந்தி. அது பட்டினி வாந்தி. பார்த்தவர்கள் வேறு வாந்தி என்று முடிவு செய்தார்கள். அந்த மாசம் எனக்கு வர வேண்டியதும் வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை.

மாமி ஒரு நாள் என் தலையைத் தடவிவிட்டுக் கீழே போனார். அன்றைக்கு அடுப்பில் ஆரம்பித்த புகை அப்புறம் நிற்கவே இல்லை. பேரீச்சம்பழம், பாதாம் அரைத்த பால், ஈரல், முட்டை, உளுந்தங்களி, நெய். நான் சாப்பிட்டேன். புள்ளை இருக்கிறது என்று நினைத்த பிறகு மண் ருசி போய்விட்டது. கன்னம் உப்பியது, ஜாக்கெட் தையலைப் பிரித்தோம். கொஞ்ச நாளில் நான் படியிறங்கினால் படி கிறீச்சிட ஆரம்பித்தது.

இன்னொரு விஷயம். பெண்களுக்கு அந்த நாட்களில் தொழுகை கிடையாது. நான் மாசக்கணக்கில் ஒரு வேளை விடாமல் தொழுதேன். என் பக்தியைப் பார்த்து மாமி பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பு மறுமைக்காக இல்லை, பேரனுக்காக.

மருந்துக் கடையில் ஒரு அட்டை விற்பார்களே, அதில் பார்த்தால் தெரிந்திருக்கும். தெரியும் எனக்கு. பஜாரில் அந்த அட்டையை வாங்கினால் நான் பார்ப்பதற்குள் ஊர் பார்த்துவிடும் என்பது மாமியிடம் நான் சொன்ன காரணம். பார்க்காத வரைக்கும் புள்ளை இருக்கிறது என்பதுதான் நிஜக் காரணம்.

மாமியின் தர்மம்

ஐப்பசி தாண்டியதும் பனி இறங்கியது. வெயிலையே காணோம். என்னைச் சுற்றிச் சாப்பாடு குவிய, ஜன்னல் விளிம்பில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெளிறின. புல்லுக் கலர் போய், எலுமிச்சை போய், கடைசியில் வெறும் தண்ணீர். ஈஸ்ட் தூளைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். டிரம்மில் தத்துகிற புள்ளிகள் நாளுக்கு நாள் குறைந்தன. என் கவலையெல்லாம் அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு நான் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான்.

மாமிக்கு அந்த டிரம்மைக் கண்டால் ஆகாது. மகன் இருக்கும்போது, "கருவாட்டு நாத்தத்தை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கான்" என்பார். இப்போது நான் டார்ச்சும் கையுமாக டிரம்முக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் பார்த்தார். நான் குளிக்கப் போன நேரத்தில் அவர் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார்.

மறுநாள் தண்ணீர் பால் கலரில் கலங்கிவிட்டது. ஒரு வாடை. வாடையில் மிளகு இருந்தது எனக்கு விளங்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவள் சேலத்தில் யாரோ சொந்தக்காரர் ஊட்டு விசேஷத்துக்கு வந்திருந்தாள். ரபீக் அண்ணன் மவுத்துக்கு வர முடியாமல் போனதே என்று அவளுக்கும் ஒரு குறை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். என் வயசுதான். கையில் பச்சையாக இரண்டு பாட்டில். அவர்கள் படிப்பிடத்தில் பல்பு வெளிச்சத்திலேயே வளர்ப்பார்களாம்.

டிரம்மைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, மேல என்னது, எண்ணெய் மாதிரி மிதக்கு?"

வாசல்படியில் நின்ற மாமிதான் பதில் சொன்னார். "ஆட்டுக்கால் சூப்பு. கொஞ்சந்தான் ஊத்துனேன். ரெண்டு கரண்டி."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "மிளகு போட்டதா?"

"மிளகு இல்லாம என்ன சூப்பு? அதுங்களும் பட்டினி கெடக்குதுன்னு இவ அழுவறா. எம் மவன் வளத்ததுதானே."

மூன்று பேரும் சேர்ந்து தண்ணீரை வலைத்துணியில் வடிகட்டி, புது உப்புத் தண்ணீர் கலந்து, பிழைத்ததை மாற்றினோம். மாமி குடம் தூக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே தூக்கினார். என்னைக் குடத்தைத் தொட விடவில்லை.

அப்புறம் ஸ்டெல்லா செல்போன் கேமரா மேல் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டினாள். திரையில் கண்ணாடி உடம்போடு ஒன்று படுத்திருந்தது. தலையிலிருந்து இரண்டு பக்கமும் நீளமாக எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏயப்பா, இதுக்கு மீசையெல்லாம் இருக்குது" என்றார் மாமி. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அவனுக்கு இருந்ததை விட நல்லாவே இருக்குது."

அவர் போன பிறகு அந்த ஊட்டில் மூன்று பேர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஸ்டெல்லா திரையில் விரலை வைத்தாள். அது பெண். வாலுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் முட்டைப் பை தொங்க வேண்டும். இதற்கு இல்லை. அடுத்த சொட்டிலும் இல்லை. உடம்புக்குள் சொட்டு எண்ணெய் மின்ன வேண்டும், அதுவும் வற்றிவிட்டது. எல்லாம் பட்டினி என்றாள்.

"எங்க ஊட்லயா பட்டினி?" என்று மாமி முகத்தைச் சுளித்தார்.

"சூப்பு இதுங்க வாய்க்குள்ள போகாதும்மா. தண்ணியத்தான் கெடுக்கும்."

"செத்துப்போயிருமா?"

"உடனே சாவாது. சோறு கொறஞ்சா மொதல்ல முட்டைய நிறுத்திரும். புள்ள பெத்துக்கிடறதுதான் ஒடம்புக்கு ரொம்பச் செலவான வேலை. அந்தக் கடைய மொதல்ல மூடிட்டு, இருக்க கொழுப்பத் தின்னு உசிரப் பிடிச்சிக்கிட்டிருக்கும். மறுபடி சோறு கிடைச்சா ரெண்டு மூணு நாள்ல பை கட்டிரும். பாருங்க."

அல்லா எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு மாமி டீ போடக் கீழே போனார். ஸ்டெல்லா போனைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணன் போனப்ப நீ எவ்வளவு நாளு சாப்பிடாம கெடந்தக்கா?"

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேலத்திலிருந்து அந்த அட்டையை வாங்கி அனுப்பட்டுமா, யாருக்கும் தெரியாது என்றாள். வேண்டாம் என்றேன்.

"தெரிஞ்சிக்கிடலாம்லாக்கா."

"தெரிஞ்சிக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

அவள் பச்சைப் பாட்டிலை ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துக் காட்டிவிட்டு, மாமி கொடுத்த டீயையும் கட்டாயப்படுத்திக் கொடுத்த முட்டையையும் முடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஒரே தீனி

அவள் சொன்ன மாதிரியே ஆயிற்று. பச்சைத் தண்ணீர் ஊற்றி மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, டார்ச் வெளிச்சத்தில் அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வாலோரம் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு ஒன்று தத்திப் போனது. இன்னொன்று. அப்புறம் எத்தனையோ. துக்கம் கிடையாது, கோபம் கிடையாது. சோறு வந்தது, கடையைத் திறந்துவிட்டன. நான் கீழே குரல் கொடுத்து மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேரன் பிறந்த மாதிரி ஊட்டில் ஒரு சந்தோஷம்.

அந்த வாரமே எனக்கும் வந்துவிட்டது.

குளியலறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மாசம் தள்ளி ஏதோ கலைந்துவிட்டதா என்று கூட முதலில் பயந்தேன். ஆனால் வலி இல்லை, ஒன்றுமில்லை, சாதாரணமாக மாசாமாசம் வருகிற அதே மாதிரி. கலைவதற்கு அங்கே எதுவும் இருந்திருக்கவே இல்லை. நான் பட்டினி கிடந்தேன், உடம்பு கடையை மூடியது. மாமி நெய்யும் ஈரலுமாக ஊட்டினார், உடம்பு கடையைத் திறந்தது. இல்லாத பேரனுக்காக மாமி ஊட்டிய சூப்புதான், பேரன் இல்லை என்று காட்டிக் கொடுத்தது. இன்னும் கொஞ்ச நாள் நான் பட்டினி கிடந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் புள்ளை இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது முறை மவுத்தானது அன்றைக்குத்தான். முதல் தடவை பஜாரே கூட வந்து அழுதது. இந்தத் தடவை நான் ஒருத்திதான்.

அன்றைக்கு மத்தியானச் சூப்பை ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன். யாருமில்லாத இடத்துக்கு ஒரு கிண்ணம் சூப். சாயங்காலம் மாமி தொழுகைப் பாயை எடுத்து எனக்கும் சேர்த்து விரித்தார். நான் என் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

"எனக்கு இன்னைக்குத் தொழுகை இல்லைங்க மாமி."

மாமி பாயைப் பார்த்தார். எங்கள் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தன் தொழுகையை முடித்தார். வழக்கத்தை விட நேரமாயிற்று. முடித்துவிட்டு, ராத்திரிக்கென்று எனக்கு எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்து, அவரே குடித்தார்.

"நொம்பக் காரமா வச்சிட்டேன் போலிருக்குது" என்றார். "நீ சொல்லவே இல்லையே."

கிண்ணத்தைத் தூக்கிய கையை அப்போதுதான் பார்த்தேன். ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெலும்பில் ஒரு குழி. இத்தனை மாசமாக மேலே ஏறி வந்த கிண்ணமெல்லாம் எனக்குத்தான். அவர் கீழே என்ன சாப்பிட்டார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக எடை மெஷினில் ஏற்றியிருந்தால் முள் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். அவர் உடம்பிலிருந்து என் உடம்புக்கு இடம் மாறியதுதான்.

மறுநாள் சூப் இல்லை. ரசம், அப்பளம், துவையல். மாமி தட்டு கொண்டுவரவில்லை. என் எதிரில் உட்கார்ந்து என் தட்டிலேயே கை வைத்தார்.

அண்ணன் வந்தார்

இத்தா முடிந்த அன்று காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். ஆப்பிள் பையோடு வந்தார். சேலத்தில் விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமியே சொன்னார்.

"புள்ள இல்லைங்க தம்பி. நாங்களா ஆசைப்பட்டுட்டோம்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு அல்லா நாட்டம் என்றார். அப்புறம், அப்படியானால் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளுக்கும் வயசு இருக்கிறது, அங்கே ஒரு இடம் கூடப் பேசுகிறார்கள், உடனே இல்லை, மெதுவாக, என்றார். தப்பான பேச்சு ஒன்றுமில்லை. அண்ணன் என்றால் அப்படித்தான் பேச வேண்டும்.

மாமியும் அதையேதான் சொன்னார். கூட்டிக்கொண்டு போவதுதான் முறை, நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றார். என் பெட்டியை அவரே கட்டி வைத்திருந்தார். துணி, என் நகை, என் வீட்டுக்காரருடைய சட்டை ஒன்று. டிரம்மை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. புஸ்புஸ்ஸென்ற சத்தம் மட்டும் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஊர் ஒத்துக்கொள்கிற காரணம் ஒன்றுதான் இருந்தது, அது போன மாசமே போய்விட்டது.

பஸ்ஸுக்கு முன்னால் சாப்பிட்டுப் போகச் சொன்னார் மாமி. அண்ணனுக்கும் எனக்கும் தட்டு வைத்தார். கறிக்குழம்பு. தனக்கு வைக்கவில்லை.

"நீங்களும் உக்காருங்க" என்றார் அண்ணன்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. நான் அப்பறமாத் தின்னுக்கறேன்."

"அப்பறமாத் திங்க மாட்டாங்க" என்றேன் நான். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது.

மாமி கரண்டியைக் குழம்புக்குள் விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"சொன்னாச் சிரிப்பீங்க தம்பி. தனியா உக்காந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

அண்ணன் சிரிக்கவில்லை. மாமியின் ஜாக்கெட் கையை அவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் என்னைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று கண்ணாலேயே கேட்டார். நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன்.

சோற்றுச் சட்டி அண்ணன் பக்கத்தில் இருந்தது. மாமிக்கு அவரே போட்டார்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

"போடுங்க" என்றார் மாமி.

சாயங்கால பஸ்ஸுக்கு அண்ணன் தனியாகத்தான் கிளம்பினார். சேலத்தில் அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையிலேயே, தூக்கிக்கொண்டு போக வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. பஸ் மலையிறங்கிய பிறகுதான் மாமி மூலையைப் பார்த்து, "கண்ணு, உன் பொட்டி எங்க?" என்றார்.

நான் ஏற்காட்டில், என் துணி சேலத்தில். மாமியின் சேலையைக் கட்டிக்கொண்டுதான் மறுநாள் காலையில் கடையைத் திறந்தேன். முதல் போணி ஹாஸ்டல் பிள்ளை ஒன்று. மீன் செத்துப்போச்சுக்கா என்று அழுதுகொண்டே வந்தது.